சோறில்லாத ஸ்தோத்திரம்

சபையின் அருமையானவர்களே, நான் சாட்சி சொல்லுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, "இதை இன்னும் சுருக்கமாகச் சொல்லியிருக்கலாமே" என்று நினைக்கிற ஆள். ஆனால் ஒன்பது வருஷமாக இதை அடக்கி வைத்திருக்கிறேன். இனியும் நான் வாயைத் திறக்காவிட்டால் மந்தைவெளியில் இருக்கிற கல்லுகள் கூப்பிட ஆரம்பித்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

அறுபத்தெட்டாம் வருஷம். ஈஸ்டருக்குப் புதுச் செருப்பு வாங்கினேன். அது வலது கால் பெருவிரலுக்கு அடியில் கடித்துவிட்டது. கடித்தது எனக்குத் தெரியாது. சர்க்கரை வியாதி முற்றினவன் காலுக்கு வலி தெரியாது. வலிக்காத காலைப் பற்றி நான் பெருமைகூடப் பட்டிருக்கிறேன். என் மனைவி எஸ்தர்தான் ஒரு நாள் சாயங்காலம் தரையில் ஈரத் தடம் பார்த்துவிட்டு, "என்னங்க, காலைத் தூக்குங்க" என்றாள். தூக்கினேன். அவள் முகம் மாறியது. எட்டணா அகலத்தில் ஒரு குழி.

அந்தக் குழி மூடவே இல்லை. களிம்பு போட்டோம், ஊசி போட்டோம். பள்ளிக்கூடம் திறந்தபோதும் அது திறந்துதான் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சர்ஜன் பார்த்தார். கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு, என்னிடம் பேசாமல் எஸ்தரிடம் பேசினார். "விரலை எடுத்துரலாம்மா. விட்டா பாதம் போகும். அப்புறம் முழங்கால் வரைக்கும் பேச வேண்டியிருக்கும்."

நான் தியாகராய நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். நின்றுகொண்டு பிழைக்கிற தொழில். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான பிறகு பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போதுதான் உண்மையிலேயே பயம் வந்தது.

மயிலாப்பூரில் எங்கள் பழைய குடும்ப டாக்டரிடம் போனோம். பூணூல் போட்ட மனிதர். வெங்காயம்கூடத் தொடாத வீடு. காலைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓய், நீர் பசங்களுக்கு என்ன நடத்தறீர்?"

"ஜூன் மாசம்னா ஆறாம் வகுப்புக்குப் பழைய கற்காலம், டாக்டர்."

"கற்கால மனுஷன் என்ன சாப்பிட்டான்?"

"வேட்டையாடினது, மீன், காய், கீரை, கொட்டை, கிழங்கு."

"நெல்லு வெதச்சானோ?"

"இல்லை."

"மாடு கறந்தானோ?"

"இல்லை, மாட்டையே சாப்பிட்டான்."

"அப்போ சரி. இன்னியிலேர்ந்து நீரும் அவன்தான். அரிசி கூடாது, கோதுமை கூடாது, கேழ்வரகு கஞ்சின்னு சமாதானம் பண்ணிண்டு வரப்படாது. பருப்பு, பால், சர்க்கரை எதுவும் கூடாது. கிழங்கும் இப்போதைக்கு வேண்டாம். மீன் சாப்பிடும், முட்டை சாப்பிடும், ஆட்டுக்கறி கொஞ்சம், கீரை நெறைய. மாத்திரையை நிறுத்தப்படாது. கட்டு தெனமும் மாத்தணும். சர்ஜன்கிட்ட நான் பேசிக் கொஞ்சம் தவணை வாங்கறேன்."

"இதை எந்தப் புஸ்தகத்தில் படிச்சீங்க, டாக்டர்?"

"படிச்சதும் உண்டு, யோசிச்சதும் உண்டு. நடந்தா நடக்கும், நடக்கலேன்னா அந்தக் கத்தி அங்கேயேதான் இருக்கப்போறது." கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நான் கண்ணால பாக்காத வஸ்துவையெல்லாம் உமக்கு எழுதிக் கொடுக்கறேன் பாரும், எங்காத்துல தெரிஞ்சா என்னைக் குளிக்காம உள்ள விடமாட்டா" என்றார்.

அரிசிக்காக ஊரே வரிசையில் நின்ற காலம் அது. எங்கள் எதிர்வீட்டுக்காரர் நல்ல அரிசி எங்கே கிடைக்கும் என்று காஞ்சிபுரம் வரைக்கும் விசாரித்துக்கொண்டிருந்தார். நான் ஒருவன் அதை விட வேண்டும் என்று உத்தரவு.

விட்டுப் பார்த்தால்தான் தெரிகிறது, நம்முடைய சாப்பாட்டில் சோறு ஒரு பதார்த்தம் இல்லை, அதுதான் தரை. மற்றதெல்லாம் அதன்மேல் நிற்கிறது. மீன் குழம்பைச் சட்டியோடு என் முன்னால் வைத்துவிட்டு எஸ்தர் ஸ்தம்பித்து நின்றாள். "இதை எதுலங்க ஊத்துறது?" என்றாள். அன்றைக்கு நான் கிண்ணத்தில் குழம்பும், தட்டில் முருங்கைக்கீரையும், இன்னொரு தட்டில் அவித்த முட்டையுமாக உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன், சாப்பாடு வரும் என்று.

பிறகு அவள் முட்டைக்கோஸை அரிசிப் பருமனுக்கு நறுக்கி ஆவியில் வேகவைத்து அதன்மேல் குழம்பை ஊற்றினாள். வாழைத்தண்டையும் அப்படியே செய்தாள். தேங்காய்ப்பாலில் கடுங்காப்பி கலந்து கொடுத்தாள். அதைக் குடிப்பதற்கும் கிருபை வேண்டும்.

காலையில் நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வருகிற அஞ்சலைக்கு இந்த விஷயம் எப்படியோ போய்விட்டது.

"இன்னா சார், சோறே துன்றதில்லையாமே? கவுர்மெண்ட்ல அரிசி குடுக்கலன்னு கோவமா?"

"டாக்டர் சொல்லிட்டார், அஞ்சலை."

"யாரு, அந்த ஐயரு டாக்டரா? அவுரா மீனு துன்னச் சொன்னாரு?" சிரித்துச் சிரித்துக் கூடையைப் பிடித்துக்கொண்டாள். "அப்டின்னா அவுரு பேருக்கு ரெண்டு சங்கரா சேத்துப் போட்டுக்கினு போறேன், வெச்சுக்கோ."

கொஞ்ச நாளில் குழியின் ஓரம் சிவந்தது. நீர் வடிவது குறைந்தது. டாக்டர் "ம்" என்றார். அந்த "ம்"மை நான் ஞாயிற்றுக்கிழமை போதகரையாவிடம் சொல்ல, அவர் ஆராதனை முடிவில் அறிவிக்க, சபையில் எனக்காக ஒரு உபவாச ஜெபம் ஏற்பாடாயிற்று. நம்முடைய சபையின் அன்பு எப்பேர்ப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து முப்பது பேர் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் எனக்காக முழங்காலில் நின்றார்கள். நானும் நின்றேன். சாயங்காலம் ஆமென் சொல்லி எழுந்தோம். பந்தி விரித்திருந்தது. பிரிஞ்சிச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம், முந்திரி மிதக்கும் கேசரி. எல்லாம் நம் சபைப் பந்திகளுக்கெல்லாம் சமைக்கிற கனகம் அக்கா கை.

சர்க்கரை வியாதிக்காரனின் கால் பிழைப்பதற்காகப் பட்டினி கிடந்துவிட்டு அவன் தலையில் கேசரியைக் கொட்டுகிற கிறிஸ்தவர்கள் உலகத்தில் வேறு எங்கே உண்டு? கனகம் அக்கா கரண்டியோடு என் முன்னால் நின்று, "தம்பி, இது ஜெபத்தோட செஞ்சது. ஒன்னும் செய்யாது" என்றார்கள். எனக்காகப் பசித்திருந்த கை. அந்தக் கையை எப்படித் தடுப்பது? இப்படி ஒரு நியாயத்தை மனதில் எழுப்பிக்கொண்டேன். பிரிஞ்சியை மூன்று தரம் வாங்கினேன்.

அதோடு நிற்கவில்லை. தரை திரும்பக் கிடைத்துவிட்டதல்லவா? மறுநாள் இட்லி. அதற்கு மறுநாள் பாண்டி பஜாரில் ஒரு ஓட்டலில் ரவா தோசை. எஸ்தருக்குத் தெரியாது. ஆனால் காலுக்குத் தெரிந்துவிட்டது. வாரம் திரும்புவதற்குள் குழி கறுத்தது. வாடை வந்தது. டாக்டர் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "யாராத்துக் கல்யாணம், ஓய்?" அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தைரியமாக இருந்திருக்கும். சர்ஜன் அடுத்த திங்கட்கிழமைக்குப் படுக்கை ஒதுக்கிவிட்டார்.

மறுநாள் பகல் உணவு மணி அடித்ததும் பையன்கள் டப்பாவைத் திறந்துகொண்டு மரத்தடிக்கு ஓடினார்கள். காலி வகுப்பறையில் நான் தனியாக இருந்தேன். புளியோதரை வாசனை அறை முழுவதும் நின்றது. நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு முழங்கால் போட்டேன். அதுவரைக்கும் "என் காலைக் குணமாக்கும்" என்று ஜெபித்தவன். அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, காலை உமக்குச் சித்தமானால் எடுத்துக்கொள்ளும். என் வாயை மட்டும் நீர் பார்த்துக்கொள்ளும். என்னால் முடியாது" என்றேன். அவ்வளவுதான். அழக்கூட இல்லை. எழுந்து, கரும்பலகையைத் துடைத்துவிட்டு, அடுத்த வகுப்பு நடத்தினேன். இந்த ஜெபத்தை நான் எஸ்தரிடம்கூடச் சொல்லவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் கனகம் அக்கா. கையில் தூக்குச்சட்டி. பயத்தில் எனக்கு வேர்த்துவிட்டது. மறுபடியும் கேசரி என்றே நினைத்தேன்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க" என்றார்கள். "மத்தியானம் அடுப்புல வேலையா இருந்தேன். திடீர்னு மனசுல ஒரு கேள்வி. 'நீ அந்தப் பிள்ளைக்கு ஜெபம் பண்ணினியா, பந்தி போட்டியா?'ன்னு. கரண்டி கையை விட்டு விழுந்துடுச்சு. எனக்கு ஒன்னும் புரியல. நான் செஞ்ச கேசரிதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. நேரா போதகரையா வீட்டுக்குப் போயிட்டேன்."

"எத்தனை மணிக்கு அக்கா?"

"எங்க தெருப் பள்ளிக்கூடத்துல மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்குமே, அந்நேரம்தான். ஏன்?"

நான் திகைத்துப்போனேன். நகைச்சுவையாக ஏதாவது சொல்லித் தப்பிக்கிறது என் வழக்கம். அன்றைக்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. தலைமயிர் சிலிர்த்து நின்றேன். நான் முழங்கால் போட்டிருந்த இடத்துக்கும் அவர்கள் அடுப்புக்கும் நடுவே ஐந்து கிலோமீட்டர் பட்டணம் இருக்கிறது. பஸ்ஸும் ரிக்ஷாவும் மாட்டுவண்டியும் இரைந்துகொண்டிருந்த அந்தப் பகல் வேளையில், ஒருவர் என் முணுமுணுப்பைக் கேட்டு, நேராக ஒரு சமையலறைக்குள் போயிருக்கிறார்.

தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். சுறாப் புட்டு. தேங்காய் போட்டு, பூண்டு போட்டு, ஒரு பருக்கை தானியம் இல்லாமல்.

"ஞாயித்துக்கிழமை மறுபடியும் உபவாசம் இருக்கோம்" என்றார்கள். "இந்தத் தடவை முடிக்கிறது உங்க சாப்பாட்டுலதான். சோறு கேக்குறவன் வீட்டுக்குப் போய்த் தின்னட்டும்னு போதகரையாவே சொல்லிட்டாங்க."

அப்படியே நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் சோறில்லாத பந்தியில் உட்கார்ந்தார்கள். மீன் வறுவல், புடலங்காய்ப் பொரியல், பாகற்காய், தண்டுக்கீரை, வாழைத்தண்டு, முட்டை. முதலில் யாருக்கும் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போதகரையா ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு முதல் வாய் பாகற்காயை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்குப் பாகற்காய் ஆகாது என்பது சபை முழுவதற்கும் தெரியும். நான் இலையைப் பார்த்துக்கொண்டு தலை குனிந்தேன்.

அன்றைக்கு எழுந்தபோது சோற்றின்மேல் இருந்த தாகம் என்னிடத்தில் இல்லை. அடக்கியதல்ல, எடுபட்டுப்போனது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் ஓட்டல்கள். சாம்பார் வாசனை வந்தது. யாரோ வேற்றுமொழியில் பேசுகிற மாதிரி கேட்டுக்கொண்டு கடந்து போனேன். சர்ஜன் கட்டைப் பிரித்தார். "கறுப்பு பரவல. இன்னும் ஒரு வாரம் பாக்கலாம்" என்றார். அந்த ஒரு வாரம் இன்னொரு வாரமாயிற்று. பிறகு மழைக்காலம் வந்தது.

காயம் பாதத்துக்கு அடியில் இருந்ததால் என்னால் பார்க்க முடியாது. தினமும் காலையில் கட்டு மாற்றும் எஸ்தரின் முகத்தைத்தான் நான் பார்ப்பேன். ஒரு நாள் அவள் எழுந்து போய் என் முகச்சவரக் கண்ணாடியை எடுத்துவந்து காலுக்கடியில் பிடித்தாள். குழியின் அடியிலிருந்து, குழந்தையின் உள்ளங்கை நிறத்தில், புது மாம்சம் ஏறி வந்திருந்தது. ஓரத்திலிருந்து மெல்லிய தோல் நடுவை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. யார் சொல்லி அது அந்தத் திசையில் போகிறது? எங்கே நிற்க வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? சிருஷ்டிப்பின் நாளைப் பற்றிப் பல வியாக்கியானங்கள் படித்தவன் நான். அதை ஒரு சவரக் கண்ணாடியில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். எஸ்தரின் கண்ணீர் ஒரு சொட்டு கண்ணாடியில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

கிறிஸ்மஸுக்கு முன்னால் காயம் மூடிவிட்டது. டாக்டர் விரலால் தடவிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். "ஓய், நான் பத்தியம் சொன்னேன், வாஸ்தவம். இப்படி மூடும்னு நான் சொல்லலை. நான் கபாலிகிட்ட சொல்லி வெச்சேன், நீர் உம்ம ஆள்கிட்ட சொல்லி வெச்சீர். யார் பண்ணினதுன்னு அவா ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கட்டும். நீர் கீரையை விடாதேயும்." மாத்திரையைப் பாதியாகக் குறைத்தவரும் அவர்தான். நானாகக் குறைக்கவில்லை. வைத்தியரை அனுப்பினவரும் கர்த்தரே என்று நம்புகிறவன் நான். உங்களையும் கேட்டுக்கொள்ளுகிறேன், ஜெபத்தைச் சாக்காக வைத்து மருந்தை விடாதேயுங்கள்.

ஒன்பது வருஷமாகிறது. கல்யாண வீடுகளில் இலையின் ஓரத்தில் இருப்பதை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுகிற விசித்திரப் பிராணியாக மயிலாப்பூர் வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. பரவாயில்லை. இரண்டு காலில் நின்றுகொண்டு அந்தப் பெயரைக் கேட்கிறேன்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். திருவிருந்து ஞாயிறுகளில் பீடத்தண்டை முழங்கால் போடுகிறேன். போதகரையா நகத்தளவு அப்பத்தை என் உள்ளங்கையில் வைக்கிறார். டாக்டரும் அதற்குத் தடை சொல்லவில்லை. என் வாழ்க்கையில் இப்போது இருக்கிற ஒரே அப்பம் அது. நாற்பத்தாறு வருஷம் மூன்று வேளையும் வயிறு முட்டத் தின்ற காலத்தில், அது நாக்கில் பட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது. இப்போது அந்தச் சிறு துண்டு உள்ளங்கையில் வந்ததும் நாக்கில் வைத்து, அது கரைகிற வரைக்கும் முழங்காலிலேயே இருக்கிறேன். அதன் ருசி அடுத்த திருவிருந்து வரைக்கும் போதும்.

சகோதரரே, சகோதரிகளே, உங்களுக்கும் விட முடியாத ஒன்று இருக்கும். அது சோறாக இருக்க வேண்டியதில்லை. அதை விடும் பலம் உங்களிடத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும், என்னிடத்திலும் இருக்கவில்லை. "முடியவில்லை" என்கிற அந்த ஒரு வார்த்தையை மட்டும், யாருக்கும் கேட்காதபடி, ஒரு பகல் வேளையில் அவரிடத்தில் சொல்லிப் பாருங்கள்.