புது டாங்கியோடு யான் ஊருக்குப் போன நாள்

என் காடியில் மனைவி ஏறவே மாட்டாள். பழைய இரண்டு கதவுக் கார் அது. எஞ்சின், கதவு, சாயம் என்று ஒவ்வொன்றாக நானே சரிசெய்து வைத்திருந்தேன். ஆனால் பின்சீட்டுக்குப் பின்னால் இருந்த பெட்ரோல் டாங்கி துருப்பிடித்துக் கசிந்தது. அந்த வாடை பட்டாலே அவளுக்குத் தலைவலி. அந்த மாதிரி டாங்கி இப்போது எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

"புதுசா ஒண்ணு செஞ்சு போடுங்க. யான் ஊர்ல இருக்கிற அக்கா வீட்டுக்கு ஒரே ஒரு தடவ வர்றேன். வாட அடிச்சாலோ, நடு ரோட்டுல நின்னாலோ, காடிய பழைய இரும்புக்காரன் லோரியில ஏத்திரணும். சரியா?" என்றாள்.

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

கோலா கெத்தில் டவுனில் ஒரு வெல்டிங் கடை. அதை நடத்தும் பையனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்; இரும்புக் கேட்டும் லோரிக்கு டீசல் டாங்கியும் செய்கிறவன். படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன் நான். தாளில் படம் போட வராது. அதனால் பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி ஒட்டி, காடிக்குள் வைத்துப் பார்த்து, டாங்கியின் உருவத்தையே செய்து தூக்கிக்கொண்டு போனேன். அவன் அதைத் தட்டிப் பார்த்தான்.

"அண்ணே, இதுலயே பெட்ரோல் எண்ணெ ஊத்திரலாம் போலருக்கே."

அந்த அட்டையைப் பார்த்தே அலுமினியத் தகட்டை வெட்டி மடித்தான். வளைவில் பெட்ரோல் ஒரே பக்கமாக ஓடாமலிருக்க, உள்ளே ஓட்டை போட்ட தடுப்பு ஒன்றும் வைத்தான். எனக்குத்தான் நிம்மதி இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் ஒரு சந்தேகம், குளிக்கப் போனால் ஒரு சந்தேகம். உடனே போனில் கூப்பிடுவேன்.

"தம்பி, அந்த மூலையில வெல்டிங் விட்டுப் போயிருக்குமா?"

"அண்ணே, சோறு திங்கிறேன்லா. மூல அங்கேயேதான் இருக்கும், வந்து பாருங்க."

சிரிப்பான், ஆனால் ஒவ்வொரு முறையும் போனை எடுத்தான். போய்ப் பார்த்தால் எனக்காகவே மறுபடியும் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் பூசி, குமிழி வரவில்லை என்று காட்டினான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டி, பெட்ரோலை ஊற்றினேன். டாங்கியின் மேலே விரல் பருமனில் ஒரு குட்டைக் குழாய் இருந்தது. மோந்து பார்த்தேன். வாடை வந்தது. இது அவள் மூக்கில் பட்டால் காடி போய்விடும். ரப்பர் துண்டை அதில் செருகிக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். எல்லாவற்றுக்கும் தம்பியைக் கூப்பிட்டவன், இதற்கு மட்டும் கூப்பிடவில்லை.

பிறகு ஒரு வாரம் வீட்டுக்கு எதிரே இருந்த செம்பனைத் தோட்டத்துப் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். கொஞ்ச தூரம் போவேன், இறங்கி டாங்கி மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பேன், மூடுவேன், மறுபடி போவேன். காடி நன்றாகவே ஓடியது.

யானுக்குப் போகும் நாளில் அவள் ஏறி உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். வாடை இல்லை. "ஆனா அக்கா வீடு வர்ற வரைக்கும் அந்த மூடியத் தொடக் கூடாது. தொட்டா நான் பஸ்ல போயிருவேன்," என்றாள்.

தொடவில்லை. ஜெராய் மலை பக்கவாட்டில் வந்து, வயல்கள் தொடங்கிய இடத்தில் காடி இருமியது. இன்னும் கொஞ்ச தூரம் இழுத்தது. நின்றுவிட்டது.

முன்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். கோளாறு எதுவும் கண்ணில் படவில்லை. மனசுக்குள் இரும்புக்காரனின் லோரிதான் தெரிந்தது. அவள் இறங்கி வந்தாள்.

"தோட்டத்துல சுத்தினப்ப நிக்கலயே?"

"இல்ல."

"வாசல்லேருந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். மூடியத் தொறந்து தொறந்து மூடுனீங்க, ஓடுச்சு. இன்னிக்கு நான் தொறக்க விடல, நின்னுருச்சு. போய்த் தொறங்க."

திறந்தேன். புஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. சாவியைத் திருப்பினேன், கொஞ்சம் முனகிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. அத்தனை நாளும் என் பயம்தான் காடியை ஓட்டியிருக்கிறது. மீதி வழியில் அவளே இரண்டு தடவை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய் மூடியைத் திறந்து மூடினாள்.

அக்கா வீட்டு வாசலில் சகலை காத்திருந்தார்.

"என்னா சகல, காடியில வந்தீங்களா, காடியத் தள்ளிக்கிட்டு வந்தீங்களா?"

அவள்தான் பதில் சொன்னாள்.

"வழியில நிப்பாட்டுனோம் மாமா. வயல் பச்சப் பசேல்னு இருந்துச்சு, எறங்கிப் பாத்துட்டு வர்றோம்."

பின்கட்டுக்குப் போய்ப் போனில் தம்பியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"அய்யோ அண்ணே, அது காத்துக் குழாய்! காத்து உள்ள போகாட்டி எண்ணெ எப்படி வெளிய வரும்? ரப்பரப் புடுங்குங்க. நீட்டு ஹோஸ் குழாய் மாட்டி காடிக்கு அடியில விட்டுருங்க, வாட உள்ள வராது."

வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்கு வாங்கி வைத்திருந்த புது பெட்ரோல் ஹோஸை, நான் பேசியதைக் கேட்டுவிட்ட சகலை கொண்டுவந்தார். கிண்டல் செய்தவர்தான் வெள்ளைச் சட்டையோடு காடிக்கு அடியில் படுத்து அதை இழுத்துக் கட்டினார். சட்டையைப் பார்த்து அக்கா போட்ட சத்தத்தையும் அவரே வாங்கிக்கொண்டார். எனக்கு இவ்வளவு செய்ய, இவர்களுக்கெல்லாம் நான் என்ன செய்துவிட்டேன் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

திரும்பும்போது மனசு கேட்காமல், "அந்த இரும்புக்காரன் விஷயம்..." என்று தொடங்கினேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்றாள்.

சன்னல் கண்ணாடியை முழுக்க ஏற்றிக்கொண்டு சீட்டில் சாய்ந்தாள். குருண் டவுன் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.