ஆயிரத்துக்கு நாற்பது

செப்டம்பர் 9, காலை பதினொன்று பத்து. மேகமூட்டம், புழுக்கம். என் மைத்துனரின் வெடிக்கடையில் ஆயிரம் ரூபாய் கிஃப்ட் பாக்ஸ் ஒன்று நாற்பது ரூபாய்க்குப் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் விலைப்பட்டியலில் ஆயிரம் என்று அச்சடித்து, எண்பது சதவீதம் தள்ளுபடி என்று இருநூறுக்குக் கொடுப்பது வழக்கம். நான் எழுதிக் கொடுத்த பில் புரோகிராமோ தள்ளுபடியை இரண்டு தடவை போட்டிருக்கிறது.

"அத்தான், சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா மதுரை சாஃப்ட்வேர் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுருவேன். தீபாவளி சீசன்ல அம்புட்டும் நாப்பதுக்கே போயிரும்!" என்றார் மைத்துனர்.

ரிட்டயர் ஆனபின் எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே மரியாதை அந்தப் புரோகிராம்தான். விடுவேனா?

புரோகிராமர்கள் கேள்வி கேட்கும் தளத்தில் போட்டேன். நாலு பதில்கள். முதலாமவர், "ஏற்கெனவே கேட்ட கேள்வி" என்று மூடச் சொன்னார். இரண்டாமவர், வேறு மொழிக்கு மாறச் சொன்னார். மூன்றாமவர், "ஐந்து மடங்கு ஏற்றி எண்பது சதவீதம் ஏன் இறக்குகிறீர்கள்? முதலிலேயே இருநூறு என்று போடுங்கள்" என்றார். தள்ளுபடி இல்லாத கடைக்கு யார் வருவார்கள்... இதை எந்த நாட்டுக்காரருக்கு விளக்குவது? நாலாமவர் என் ஆங்கில இலக்கணத்தைத் திருத்தினார்.

முதலாமவர் சொன்னாரே என்று தளத்தில் தேடினால், அச்சு அசலாக என் கேள்வி! ஆயிரம், இருநூறு, நாற்பது. பதில் ஒன்றுமில்லை. கேட்டவரே கீழே எழுதியிருந்தார்: "தீர்ந்துவிட்டது. நன்றி."

எப்படித் தீர்ந்தது? அதை மட்டும் எழுதவில்லை. உலகத்தில் விடை கிடைத்தவர்கள் எல்லாரும் ஏன் இப்படி நன்றி சொல்லிவிட்டு ஓடிவிடுகிறார்கள்?

பெயரைப் பார்த்தேன். நாரணாபுரம் மாடசாமி. பக்கத்து ஊர்தான்; ஆட்டோ பிடித்தேன்.

அவரும் வெடிக்கடைக்காரர்தான். "வாங்கண்ணாச்சி, சாப்பிட்டீகளா?"

"அது கிடக்கட்டும். அந்த நாப்பதை எப்படித் தீர்த்தீக?"

மேஜை டிராயரைத் திறந்து ஒரு கால்குலேட்டரை எடுத்து வைத்தார்.

"இதை வச்சுத்தான். கம்ப்யூட்டரைத் தூக்கி மச்சுல போட்டாச்சு."

"அப்புறம் ஏன் தீர்ந்துச்சுன்னு போட்டீக?"

"தீர்ந்துச்சுல்ல?"

வாதம் பண்ண இடமில்லை. "புதுசு ஒண்ணு இருக்கு, தரவா?" என்றார். ஒட்டியிருந்த விலை நானூற்று ஐம்பது.

"எண்பது சதவீதம் போக எம்புட்டு?"

"அது வெடிக்குத்தான் அண்ணாச்சி!"

சாயங்காலம் கால்குலேட்டரில் தட்டிப் போட்ட பில் சரியாக வந்தது. மதுரைக்காரர் வரவில்லை. தளத்தில் என் கேள்விக்குக் கீழே நானும் எழுதினேன்: "தீர்ந்துவிட்டது. நன்றி."

ஆட்டோ போக வர நூற்று அறுபது, கால்குலேட்டர் நானூற்று ஐம்பது. ஆக அறுநூற்றுப் பத்து ரூபாய் — தள்ளுபடி இல்லாமல்.