நொயேலுக்கு வந்த ஷூ

புது ரப்பரும் சாக்லேட்டும் அம்மாவின் சென்ட்டும் ஒன்றாகக் கலந்தால் என்ன வாசனை வருமோ, அதுதான் எனக்குக் கிறிஸ்துமஸ் வாசனை. பிரான்சிலிருந்து வரும் பார்சலின் வாசனை அது. அதுவும் பண்டிகை முடிந்து, குடிலைப் பிரித்துப் பரணில் ஏற்றி, பொங்கல் கரும்பு கடைத்தெருவில் வந்து இறங்கும் சமயத்தில்தான் எங்கள் காரைக்கால் வீட்டுக்கு வந்து சேரும். அத்தை அரிவாள்மணையில் கயிற்றை அறுக்க, நான் பெட்டிக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நிற்பேன். மேலே சாக்லேட் இருக்கும். நடுவில் ஒரு ஸ்வெட்டர், எங்கள் ஊர் மார்கழியில் அதைப் போட்டால் வேர்க்குருதான் மிச்சம். அடியில் ஒரு ஜோடி ஷூ இருக்கும்.

அப்பாவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட குடும்பங்களைச் "சொல்தா வீடு" என்பார்கள். அந்த வழியில் அப்பாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. அவர் முன்னால் போய் வேலை தேடிக்கொண்டு, பிறகு அம்மாவையும் கைக்குழந்தையாக இருந்த தம்பியையும் வரவழைத்துக்கொண்டார். என் "பேப்பர்" மட்டும் சரியாகவில்லை என்றார்கள். அதில் என்ன கோளாறு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளக்கிச் சொன்ன பெரியவர்களுக்கும் விளங்கியிருக்கும் என்று தோன்றவில்லை. அடுத்த "நொயேலுக்கு" நீயும் அங்கேதான் என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த, கல்யாணம் ஆகாத என் அத்தையிடம் என்னை விட்டுப் போனார்கள். பண்டிகையைக் கிறிஸ்துமஸ் என்று ஊர் சொன்னாலும் சொல்தா வீடுகளில் அது நொயேல்தான். கிளம்புகிற அன்று அம்மா ஒரு தாளைத் தரையில் விரித்து, அதன்மேல் என்னை நிற்க வைத்து, பென்சிலால் என் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுத்து, தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பென்சில் முனை கிச்சுக்கிச்சு மூட்ட நான் சிரித்துக்கொண்டே நின்றேன். அழ வேண்டிய நேரம் அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் போன் இல்லை. ராத்தா என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவின் கணவர் துபாயில் இருந்ததால் அவர்கள் வீட்டில் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம், ராத்தா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஓடியா புள்ள, ஒங்கம்மா பேசுறாஹ!" என்று கூப்பிடுவார். நான் சோற்றுக் கையோடு ஓடுவேன். முதல் வருஷம் அம்மா அந்த ஊர்ப் பண்டிகையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாள். வீட்டுக்குள்ளேயே மரத்தை நட்டு விளக்குப் போட்டிருக்கிறார்களாம். பிள்ளைகள் ராத்திரி தங்கள் ஷூவை அந்த மரத்தடியில் வைத்துவிட்டுத் தூங்கினால், "பப்பா நொயேல்" வந்து அவர்கள் கேட்டதை அதில் வைத்துவிட்டுப் போவாராம். "தம்பியோடது இத்துனூண்டு ஷூ, அதையும் வச்சிருக்கோம்" என்று அம்மா சிரித்தாள்.

எங்கள் வீட்டில் மரம் கிடையாது, குடில்தான். சிமெண்டுப் பையின் தாளைக் கசக்கிச் சேற்றுநீர் பூசி மலை செய்வோம். பால்டின்களில் நெல்லும் கேழ்வரகும் விதைத்து, முளைத்த பச்சையை மலையடிவாரத்தில் அடுக்குவோம். இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் தெருவே வந்து குடிலைப் பார்க்கும். அந்த முதல் வருஷம் நான் என் ரப்பர் செருப்பைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, முந்தானையில் துடைப்பதுபோலப் பாவாடையில் துடைத்து, மாதாவுக்கும் சூசையப்பருக்கும் முன்னால், பச்சையை ஒதுக்கி இடம் பண்ணி, ஜோடியாக வைத்தேன். அம்மா சொன்னதைத்தானே செய்தேன் என்ற தைரியம் எனக்கு. குடில் பார்க்க வந்தவர்களில் யாரோ ஒரு பெண் "அய்யோ சேசுவே" என்று நெஞ்சில் சிலுவை போட்டதும், அத்தை உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

"சாமிகிட்டப் போயி செருப்ப வைப்பாங்களாடி? யாருடி சொல்லிக் குடுத்தா?"

நான் அம்மா சொன்னதைச் சொன்னேன்.

"சரி, அப்படி என்னதான் கேட்டுருக்க சாமிகிட்ட?"

"அம்மாகிட்ட போகணும்னு."

வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள். அத்தை செருப்பைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு போய் வாசற்படியில் வைத்து, "சாமி வாசல் வழியாத்தானே வரும், இங்கயே இருக்கட்டும்" என்றாள். காலையில் மழைச்சாரல் அடித்து நனைந்திருந்த செருப்பில் ஒரு கமர்கட் பொட்டலம் இருந்தது. அதைப் பார்த்ததும் நான் ஓவென்று அழுதேன். கதவோரம் ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்ற அத்தையின் முகம் விழுந்துவிட்டது. பெறாத பிள்ளையிடம் என்ன செய்து பேர் வாங்க முடியும்? பாவம்.

அந்தப் பொங்கலுக்கு முதல் பார்சல் வந்தது. பென்சில் கோட்டின்படி வாங்கி, தம்பியின் ஷூவுக்குப் பக்கத்தில் மரத்தடியில் வைத்து, பிறகு எனக்கு அனுப்பியதாக அம்மா போனில் சொன்னாள். அது காலுக்குச் சேர்ந்தது. அடுத்த வருஷம் வந்தது சேரவில்லை. அதற்கடுத்ததும் சேரவில்லை. கோட்டுக்கு வெளியே கொஞ்சம் கூட்டித்தான் அம்மா வாங்கியிருப்பாள். ஆனால் நான் அத்தை போட்ட சோற்றில் அவள் நினைத்ததைவிட வேகமாக வளர்ந்துவிட்டேன். "சேரலன்னு சொல்லாத. அவ்வளவு தூரத்துல இருக்குறவங்க மனசு கஷ்டப்படும்" என்று அத்தை சொல்லிவைத்திருந்ததால், நான் போனில் "ரொம்ப சரியா இருக்கும்மா" என்பேன். ஷூ ராத்தாவின் சின்ன மகளுக்குப் போகும். பெருநாளன்று அவள் அதைப் போட்டுக்கொண்டு "டக் டக்" என்று தெருவில் நடப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

நான் பெரியவளாகிப் பாவாடை தாவணி கட்டத் தொடங்கியிருந்த வருஷம், அம்மா தம்பியோடு கிறிஸ்துமஸுக்கு வந்தாள். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. தம்பி ஷூ காலோடு நேராகக் குடிலுக்கு முன்னால் போய் நின்றான். அத்தை "கழட்டிட்டு வா தங்கம்" என்று கெஞ்சியது அவனுக்குப் புரியவில்லை. நான் குனிந்து அவன் ஷூ நாடாவை அவிழ்த்துக் கழற்றிவிட்டேன். அவன் என் தலையைத் தொட்டு, "அக்கா" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

அம்மா பெட்டியைத் திறந்து, அந்த வருஷத்து ஷூவை எடுத்துக்கொண்டு என் காலடியில் உட்கார்ந்தாள். "தபால்ல அனுப்பாம நானே போட்டு விடணும்னு எத்தினி வருசத்து ஆசை தெரியுமா?" என்றாள். என் கால் பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. அவள் நாடாவைத் தளர்த்தினாள், குதிகாலைப் பிடித்து அமுக்கினாள். எனக்கு வலித்தது; ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அத்தைதான், "விட்டுடுங்க அண்ணி. போன வருசத்தோடதும் சேரல. அதுக்கு முன்ன வந்ததும் சேரல" என்றாள்.

அம்மா என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "எம் புள்ள வளந்தத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் என் பாதத்தை, வேறு யாருடையதோ போல, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. புது வருஷம் பிறந்ததும் அவர்கள் கிளம்பிப் போனார்கள். அடுத்த நொயேலுக்கு நீயும் அங்கேதான் என்று அம்மா அந்த முறை சொல்லவில்லை.

அதன்பிறகு பேப்பர் பேச்சு தானாகவே ஓய்ந்துபோனது. எனக்கு இங்கேயே கல்யாணமாகிப் பிள்ளைகளும் ஆயிற்று. இன்று குடிலுக்கு யாரும் பால்டின்னில் நெல் விதைப்பதில்லை. பச்சைப் பிளாஸ்டிக் புல் கடையிலேயே கிடைக்கிறது. அத்தை இல்லை. ராத்தா வீட்டை விற்றுவிட்டு மகள்களோடு போய்விட்டார். நொயேல் என்று நான் சொன்னால் என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். அப்பா முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். போன வருஷம் அம்மாவும் அங்கேயே இறந்தாள். எனக்கு விசா கிடைப்பதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

அம்மா இருந்தவரை கிறிஸ்துமஸன்று வீடியோவில் எங்கள் இருவருக்கும் நடுவே அவள் உட்கார்ந்திருப்பாள். தம்பி சொல்வதை எனக்குத் தமிழில் சொல்வாள், நான் சொல்வதை அவனுக்குப் பிரெஞ்சில் சொல்வாள். இடையிடையே தன் கதையையும் சேர்த்துவிடுவாள். அவள் போன பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸுக்கும் தம்பி கூப்பிட்டான். "அக்கா" என்றான். "தம்பி" என்றேன். அவன் போனைத் திருப்பி மரத்தைக் காட்டினான். நான் குடிலைக் காட்டினேன். பிறகு திடீரென்று அவன் அழ ஆரம்பித்தான். அழுதுகொண்டே நெடுநேரம் என்னென்னவோ சொன்னான், நடுவில் ஏதோ கேட்டுவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தான். நான் எல்லாம் புரிந்ததுபோலத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.