சுதா பேரில் ஒரு பக்கம்

பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவளிடம் யாரும் கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்பதில்லை, தங்கள் பிள்ளையைப் பற்றித்தான் கேட்பார்கள். திருவொற்றியூரில் நான் கடை போட்ட காலத்தில் யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. உங்களில் பாதிப் பேர் என் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தவர்களாகத்தான் இருப்பீர்கள்.

தட்டி

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நடுவில் பிளைவுட் தட்டி அடித்திருந்தேன். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும், பெற்றவர்களுக்கு ஆகாது. ஒரு அம்மா தினம் சாயங்காலம் வந்து நுனிக்காலில் நின்று மகனைப் பார்த்துவிட்டுப் போவார். அவன் என்னவோ கிரிக்கெட் ஸ்கோர்தான் பார்த்துக்கொண்டிருப்பான். உள்ளே போய் அவனையே கேளுங்களேன் என்றேன். கேட்டால் கோபித்துக்கொள்வானாம்.

"நீ தட்டியைக் கொஞ்சம் அறுத்து வுடும்மா, கெண்டைக்கால் இழுத்துக்கினு போவுது."

படகுக்காரர்

ஏழுமலை அப்படி எட்டிப் பார்க்கிற ஆளில்லை. நேராக வந்து என் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விசைப்படகில் போகிறவர். பத்தாவது படிக்கும் அவர் மகள் சுதா ஒரு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை, இனிமேல் போகவே மாட்டேன் என்கிறாள், ஆனால் என் கடைக்கு மட்டும் தினம் வருகிறாள். காரணம் கேட்டால் வாயைத் திறப்பதில்லை. ஏதாவது பையன் விஷயமா என்று நானே கேட்டேன்.

"பையன்னா பேசிப் பாக்கலாம் தங்கச்சி. இது இன்னான்னே தெரியல, அதான் பேஜாரா கீது."

பக்கத்து நாற்காலி

மறுநாள் சுதாவோடு வந்து, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். திட்டப்போகிறார் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மனுஷன் திட்டவே இல்லை. இது என்ன, இதை அமுக்கினால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவளே இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். கூடப் படிக்கிறவர்கள் அவள் பேரில், அவள் போட்டோவைப் போட்டு, அவளே எழுதுகிற மாதிரி எழுதி வைத்திருந்தார்கள். தமிழ்தான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். அவள் நடையை, வீட்டை, உடம்பை எல்லாம் கிண்டல் செய்து ஒரே கலீஜ். இந்தக் கருமத்தைத் தினம் ஏன் வந்து பார்க்கிறாய் என்று அவர் கேட்டார்.

"இன்னிக்குப் புதுசா இன்னா எழுதிக்கீறாங்கன்னு தெரியணும்ல. தெரியாம இருந்தா இன்னும் பயமா கீதுப்பா."

கோயில் வாசல்

ஏழுமலை எழுந்துவிட்டார். வலையை அறுத்தாலும் படகை இடித்தாலும் கோயில் வாசலில் ஊர் கூடித் தீர்ப்பது அவர்கள் குப்பத்து வழக்கம். எழுதினவர்களில் ஒரு பெண் அதே குப்பம்தான். இன்றைக்கே பஞ்சாயத்தைக் கூட்டி அவள் அப்பனை நிறுத்திவைக்கிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டினார். அப்படிப் போடுங்கள் என்றுதான் எனக்கும் வாய் வரை வந்தது. சுதா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க அத்தப் படிச்சுக் காட்டச் சொல்வாங்கப்பா. எல்லார் எதிர்லயும்."

காவல்

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, சரி, நீ என்ன செய்யச் சொல்கிறாய் என்று அவளையே கேட்டார். கிளாஸ் டீச்சரிடம் மட்டும் சொல்லலாம், அதுவும் தனியாக, அப்பா கூட வரவேண்டும் என்றாள். அப்படியே போனார்கள். டீச்சரும் நல்ல மாதிரி, வகுப்பில் மூச்சு விடாமல், எழுதினவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். நான் அந்தப் பக்கம் இருந்த இணையதளத்துக்குப் புகார் அனுப்பினேன். கொஞ்ச நாளில் பக்கம் போனது, சுதா பள்ளிக்கூடம் போனாள். அப்புறம் ஒருநாள் ஏழுமலை தனியாக வந்து ஒரு கம்ப்யூட்டர் கேட்டார். உங்களுக்கு எதற்கு என்றேன்.

"அது திரும்ப வருதான்னு இனிமே நான் பாத்துக்கிறேன்னு அவகிட்ட சொல்லிக்கீறேன். எனக்கு இங்கிலீசு தெரியாது, அவ பேரு எப்டி இருக்கும்னு மட்டும் எழுதிக் காட்டு."

ஊரெல்லாம் சொல்லித் திரிகிற இந்தக் கதையை நம்பி என் பையன் பக்கத்தில் நானும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், அவன் எழுந்து அடுத்த கம்ப்யூட்டருக்குப் போய்விடுகிறான் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.