வெள்ளைப் பூவும் இரண்டு மதர்போர்டும்

கற்பூரமும் சாம்பிராணியும் எந்நேரமும் மணந்துகொண்டிருக்கும் வீட்டில் வேறொன்று கருகினால், அது என்னவென்று கண்டுபிடிப்பது எளிதல்ல. சித்திரை மாதத்துப் பிற்பகல் ஒன்றில் எங்கள் வீட்டில் மூக்கை அறுக்கும் நாற்றம் கிளம்பியபோது அம்மா அடுப்பங்கரைக்கு ஓடிப் பால் பாத்திரத்தைப் பார்த்தாள். சின்ன காஞ்சிபுரத்தில் கோயிலுக்குப் போகும் தெருவில் பூஜை சாமான் கடை வைத்திருந்த அப்பா, அவரை நாங்கள் "நைனா" என்றுதான் கூப்பிடுவோம், சாப்பிட வந்தவர் பாதிச் சோற்றில் எழுந்து, கூடத்து மூலையில் அடுக்கியிருந்த கற்பூரப் பெட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். எட்டு வயதுக்காரியான நான் என் பாவாடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டேன். அண்ணன் மட்டும் அசையவில்லை. கம்ப்யூட்டரின் இருண்டுபோன திரை முன்னால் உட்கார்ந்தபடியே, "அங்கெல்லாம் தேடாதீங்க, இங்கதான்" என்றான்.

கரண்ட் ஏறி இறங்கியதில் உள்ளே இருந்த மதர்போர்டு கருகிவிட்டது. எல்லாப் பாகங்களும் உட்காரும் பலகை அதுதான் என்றும், அது போனால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை என்றும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் தெருவிலேயே கம்ப்யூட்டர் இருந்த வீடு எங்களுடையது. அதுவும் யாரோ உபயோகித்துக் கழித்ததைத்தான் அண்ணன் வாங்கி வந்திருந்தான்.

அண்ணன் தேவராஜன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு, பட்டுப் புடவைக்கு வேண்டிய கரை, முந்தி டிசைன்களைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரையக் கற்றுக்கொண்டிருந்தான். அவன் வரைந்ததைப் பார்த்துத்தான் பிள்ளையார்பாளையத்தில் ஒரு சென்டரில் தறிக்கு வேண்டிய அட்டையில் துளை அடிப்பார்கள். சென்டர்காரருக்கு அண்ணன் கைவேலை பிடித்திருந்தது, மெஷின்தான் பிடிக்கவில்லை. ஒருமுறை எங்கள் வீட்டுக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "டிசைன் நல்லாத்தான்பா கீது. ஆனா ஒரு முந்தி தொறக்கறதுக்குள்ள நான் பஸ் ஸ்டாண்டு போய் டீ குடிச்சிட்டு வந்துடலாம் போல இருக்குது" என்றார். ஆவணி முகூர்த்தப் புடவைகளுக்கான டிசைன்களை ஆடி முடிவதற்குள் கொடுத்தால் நிரந்தரமாக வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் என் மாமா சொல்லி வைத்திருந்த வேலைக்கு அண்ணன் போய்விட வேண்டும், அங்கேயே தங்கவும் வேண்டும். சைக்கிள் பாரில் என்னை உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறவன் அவன். எனக்கு அதற்கு மேல் எதுவும் யோசிக்கத் தெரியாது.

காந்தி ரோடு பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில் பிராசஸரைக் கழற்றி வேறொரு மெஷினில் போட்டுப் பார்த்து, இதற்கு உயிர் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. அது பழைய பிராசஸர், புதிதாக வரும் போர்டுகளில் அதன் கால்கள் உட்காராது. தேடியதில் இரண்டே போர்டுகள் அதற்குத் தோதாகக் கிடைத்தன. ஒன்று அந்தக் கடையிலேயே விற்காமல் கிடந்த புது போர்டு. ஒரு வருடம் கேரண்டி உண்டு, ஆனால் பிராசஸர் என்ன வேகமோ அதற்கு மேல் ஓட்டாது. இன்னொன்று மெட்ராஸ் ரிச்சி தெருவில் பழைய சாமான் விற்பவரிடம் இருந்தது. கேரண்டி கிடையாது, ஆனால் "ஜம்பர்" என்று அரிசி அளவுக்கு ஒரு சின்ன மூடி இருக்கும், அதைப் பிடுங்கி இடம் மாற்றிச் சொருகினால் முந்நூறு மெகாஹெர்ட்ஸில் ஓடுவது நானூற்றைம்பதில் ஓடும். அதற்கு "ஓவர்கிளாக்கிங்" என்று பெயராம். கையில் இருந்த பணத்துக்கு ஏதாவது ஒன்றுதான்.

வேகம் எப்படிக் கூடும் என்று நைனாவுக்குப் புரியவைக்க அண்ணன் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

"கோயில்ல மேளம் வாசிக்கறாங்கல்ல நைனா. தவில்காரரு காலத்த ஏத்துனா நாயனக்காரரும் கூடவே ஓடியாவணும்ல? போர்டுதான் தவிலு. பிராசஸர் நாயனம்."

நைனா விரலால் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். "நாயனக்காரருக்கு மூச்சு முட்டுச்சின்னா?"

"முட்டாது. இந்த மாடல் தாங்கும்னு எல்லாரும் சொல்றாங்க."

"செஞ்சவன் முந்நூறுன்னு எழுதிக்கிறான். அவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"செஞ்சவன் பயந்துக்கினு கம்மியா எழுதியிருப்பான் நைனா."

"செஞ்சவனா பயந்தான்?" என்று நைனா சாமி அலமாரியைப் பார்த்தபடியே கேட்டார். அவருக்கு எந்தப் பேச்சும் கடைசியில் பெருமாளிடம்தான் போய் நிற்கும்.

அம்மா உள்ளேயிருந்து, "வயசானதப் போட்டு வெரட்டாதீங்கப்பா, பாவம்" என்றாள். பிராசஸர் என்றால் மாடு போல ஏதோ ஒன்று என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வைகாசி கருட சேவைக்கு வந்த கூட்டம் கலைந்து, கடை வியாபாரம் ஓய்ந்து நிமிரும் வரைக்கும் இந்த வாதம் முடியவில்லை. கடைசியில் நைனா, "நீயும் வாணாம் நானும் வாணாம், பெருமாளையே கேட்டுடலாம்" என்றார். எங்கள் வீட்டில் வரன் பார்ப்பதிலிருந்து கிணறு தோண்டுவது வரைக்கும் பூக் கட்டிப் பார்த்துத்தான் செய்வார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியக் கூடாது. குலுக்கிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுவே உத்தரவு. வீட்டில் குழந்தை என்றால் நான்தான்.

சனிக்கிழமை காலையில் தலைக்குக் குளிப்பாட்டி, ஈரம் சொட்டும் தலையோடு என்னை உட்கார வைத்தார்கள். கிணற்றடி நந்தியாவட்டையையும் செவ்வரளியையும் அம்மா வாழையிலைத் துண்டுகளில் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டிப் பித்தளைத் தட்டில் வைத்தாள். நால்வரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். நைனா கற்பூரம் காட்டினார். நான் கண்ணைத் திறக்காமல் கையை நீட்டித் தட்டுப்பட்டதை எடுத்துக் கொடுத்தேன்.

நைனா நாரைப் பிரித்தார். வெள்ளை.

"அப்பாடா" என்றார் நைனா. "காந்தி ரோட்டுக்குப் போய் வாங்கியாந்துடு."

அதே மூச்சில் அண்ணன், "நாளைக்கே மெட்ராஸ் போயிட்டு வந்துடறேன்" என்றான். இருவர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம்.

"மெட்ராஸ் எதுக்குடா?"

"வெள்ளதான நைனா வந்துச்சி?"

"வெள்ளன்னா கடை போர்டு. செவப்புதான சூடு, அதான் உன் மெட்ராஸ் போர்டு."

"செவப்புன்னா நிறுத்துன்னு அர்த்தம் நைனா. வெள்ளன்னா போன்னு நெனச்சிக்கினேன்."

"யார்கிட்ட சொன்ன?"

"நீ யார்கிட்ட சொன்ன?"

இருவரும் சேர்ந்து அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கட்டிய நாரைச் சுருட்டிக்கொண்டே, "என்னப் பாக்காதீங்க. வெள்ள வந்தா ரெண்டும் வாணாம், எங்கண்ணன் சொன்ன வேலைக்கே புள்ள போவட்டும்னு நான் வேண்டிக்கினேன்" என்றாள்.

என்னை யாரும் கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது.

திரும்பக் கேட்கவும் வழியில்லை. பெருமாளை ஒரே விஷயத்துக்கு இரண்டு தரம் கேட்பது, அவர் சொன்னதை நம்பவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வது போல என்பார் நைனா. கடவுள் தெளிவாகத்தான் பதில் சொல்லியிருந்தார், நாங்கள்தான் ஆளுக்கொரு கேள்வி கேட்டிருந்தோம். வீட்டில் பேச்சு குறைந்துபோனது. கம்ப்யூட்டர் வயிறு திறந்தபடி கிடந்தது. ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. மாமா வேறு வந்து, பெட்டி படுக்கை எதெல்லாம் வேண்டியிருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க நான் அண்ணனின் சைக்கிள் சாவியைப் பாவாடைக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

ஒருநாள் நைனா கடை திறக்கப் போகும்போது வாசற்படியில் நின்று, "கடை போர்டுன்னு நான் கேட்டேன், சரின்னாரு. மெட்ராஸ் போர்டுன்னு நீ கேட்ட, அதுக்கும் சரின்னாரு. அப்ப ரெண்டும் நடக்கணும்" என்றார். போர்டு மெட்ராஸில் வாங்குவது, ஆனால் ஒரு மண்டலம் வரை அதைப் பிராசஸரில் எழுதியிருக்கும் முந்நூறிலேயே ஓட்டுவது. இதுதான் அவர் கண்டுபிடித்த வழி. அம்மாவின் வேண்டுதலை எதில் சேர்ப்பது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

நைனாவும் கூடவே மெட்ராஸ் போனார். பழைய சாமான் விற்பவரிடம், "உள்ளதச் சொல்லுப்பா, இது நல்லாப் போவுமா?" என்று கேட்டாராம். அவர், "போனா போவும் பெரியவரே, போவலன்னா போவாது. வூட்டுல பொறந்த புள்ளைக்கே நாம கேரண்டி எழுதிக் குடுக்க முடியறதில்ல" என்றாராம். இந்தப் பதில் நைனாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மெஷின் உயிர் பெற்றது. அண்ணன் வாக்குத் தவறாமல் முந்நூறிலேயே ஓட்டினான். ஓட்டினான் என்பதைவிட, காத்திருந்தான் என்று சொல்ல வேண்டும். பெரிய முந்தியைத் திறக்கச் சொல்லிவிட்டு அவன் நகம் கடிப்பான், திரையில் மேலிருந்து வரிவரியாக அன்னப்பட்சிகள் இறங்கும். ஒரு மதியம் சாப்பிட வந்த நைனா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். உட்கார்ந்து சாப்பிட்டார், கை கழுவினார், துண்டில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து பார்த்தார். பாதி அன்னங்கள் கால் இல்லாமல் நின்றன.

"இன்னும் எவ்ளோ நேரம்டா?"

"இதான் முந்நூறு நைனா."

நைனா அந்த அன்னங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, அந்தக் குல்லாவ மாத்து" என்றார்.

"மண்டலம் முடியலியே."

"சொன்னவன் நான்தான? நானே மாத்தச் சொல்றேன்."

"பெருமாளு?"

"அவருகிட்ட நான் பேசிக்கிறேன்."

அண்ணன் மெஷினை அணைத்துவிட்டு ஜம்பரை இடம் மாற்றினான். கற்பூரம் ஏற்றுவது போல இரண்டு கையாலும் செய்தான். மறுபடி போட்டபோது அன்னங்கள் விறுவிறுவென்று இறங்கின, நான் கைதட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு அன்னத்தின் கழுத்தோடு திரை அப்படியே நின்றுவிட்டது. மவுஸை எப்படி ஆட்டினாலும் அசையவில்லை. அம்மா, "நான் சொன்னேன்ல" என்று ஆரம்பிப்பதற்குள், நைனா எழுந்துபோய் எங்கள் வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து, திறந்து கிடந்த மெஷினுக்கு எதிரில் வைத்தார். அதன்பின் அது நிற்கவில்லை.

அந்த ஆடி முழுவதும் காற்று பிராசஸருக்குத்தான். நாங்கள் விசிறி மட்டையோடு உட்கார்ந்திருப்போம். யாராவது முணுமுணுத்தால், "பாவம், சக்திக்கு மேல ஓடுது. அதுக்கு வேர்க்காதா?" என்பார் நைனா. அதை ஓட்டக் கூடாது என்று சொன்னவர் அவர்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

டிசைன்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன, சென்டரில் வேலையும் கிடைத்தது. அண்ணன் கம்பெனிக்குப் போகவில்லை. என் வேண்டுதல் பலித்தது என்று துளசிச் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஆனால் அந்த அன்னப்பட்சி முந்தி ஊர் ஊராகப் போனது. எங்கேயோ அதைப் பார்த்துவிட்டு ஆள் அனுப்பிக் கேட்டார்கள். நான் பெரிய பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் அண்ணன் பெங்களூருக்குப் போனான். அவனை வீட்டிலேயே நிறுத்தி வைத்த அந்த வேகம்தான் அவனைக் கொண்டும் போனது. வருடா வருடம் கருட சேவைக்கு வருகிறான், மறுநாளே கிளம்பிவிடுகிறான்.

நைனா இப்போது இல்லை. அம்மா என்னோடு செவிலிமேட்டில் இருக்கிறாள். பழைய வீட்டில் போர் போடும்போது நந்தியாவட்டையை வெட்டிவிட்டார்கள். மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது. அந்த ஜம்பர் மூடி வெகு நாள் சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் கிடந்தது, வீடு மாற்றும்போது எங்கேயோ போய்விட்டது.

போன வாரம் என் நாத்தனார் மகளுக்கு ஏனாத்தூர் கல்லூரியா, மெட்ராஸா என்று பூக் கட்டிப் பார்த்தோம். நான் கற்பூரம் ஏற்றும் முன்பே, வெள்ளை என்றால் ஏனாத்தூர், சிவப்பு என்றால் மெட்ராஸ் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். பெருமாளுக்குக் காது கேட்காதா என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அதை அண்ணனிடம் போனில் சொன்னபோது அவனும் சிரித்தான். பிறகு, இத்தனை வருடத்தில் யாரும் கேட்காததைக் கேட்டான்.

"ஆமா பாப்பா, அன்னிக்கி நீ என்னா நெனச்சிக்கினு எடுத்த?"

"நீ ஊர வுட்டுப் போவக் கூடாதுன்னு."

"வெள்ள வந்தாலா?" என்றான்.

"வெள்ள வந்தாலும், செவப்பு வந்தாலும்" என்றேன்.