நூற்றுப் பத்துக்கு எழுபது

தாம்பரத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு செக்‌ஷன் ஆபீசரை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. ஆள் எப்போதோ ரிட்டயர் ஆகிப் போய்விட்டார். இருந்தாலும் பிடிக்காது. இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை, பச்சை மைப் பேனா, எதைக் கேட்டாலும் "கார்டுல என்ன இருக்கு?" என்று திருப்பிக் கேட்கிற அந்தக் குரல், ஒன்றும் பிடிக்காது.

எண்பதுகளின் கடைசி அது. செம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்துப் போவேன். டாக்டர்கள் பார்த்து முடித்த கார்டுகளைப் படித்து, எந்த நோய்க்கு எந்த எண் என்று ஒரு தடிப் புத்தகத்தில் தேடி ஓரத்தில் எழுதுவதுதான் என் வேலை. கர்ப்பிணிக்குக் குறை ஒன்றும் இல்லை என்றால் வி 22. மாதம் ஏறிய பிறகு பிரஷர் ரொம்ப இறங்கிப்போனால் 669.2. அந்த இரண்டாவது எண்ணை நான் எழுதிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

யாருக்கும் பிரஷர் இறங்கவில்லை என்று அர்த்தமில்லை. ஓ.பி.யில் இருந்த நர்ஸ் அக்கா காலையில் டீ குடித்துக்கொண்டே, அன்றைக்கு வரப்போகிற அத்தனை பேர் கார்டிலும் 110/70 என்று எழுதி வைத்துவிடுவார். இருந்தது ஒரே ஒரு பிரஷர் மெஷின், வெளியே பெஞ்சு நிறைய வயிற்றுப் பிள்ளைக்காரிகள். யாராவது மயக்கம் வருகிறது என்று வாய் திறந்து சொன்னால்தான் கையில் பட்டை கட்டிப் பார்ப்பார். அத்தனை கார்டிலும் ஒரே மை, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு. இது எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்துகொண்டேதான் வி 22, வி 22 என்று போட்டுத் தள்ளினேன்.

என் கண்டிப்பெல்லாம் அடித்தல் திருத்தலில்தான். பக்கத்தில் கையெழுத்து இல்லாமல் அடித்திருந்தால் கார்டைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும், அது ஆபீசர் போட்ட சட்டம். அதில் நான் புலி. ஒரு நாள், மீன் விற்கிற எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் கார்டு வந்தது. 110/70 என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 80/50 என்று எழுதியிருந்தது. கையெழுத்து இல்லை. சிவப்பு மையால் சுழித்து அனுப்பினேன். மறுநாள் அவள் பெயரில் புதுக் கார்டு வந்தது. எல்லாக் கட்டத்திலும் 110/70, துடைத்து வைத்த மாதிரி. வி 22 போட்டு அடுக்கிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அப்போது எனக்கும் எட்டாம் மாதம். மல்லாந்து படுத்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். பஸ்ஸில் நின்றால் வியர்த்துக் கொட்டும். பயந்துபோய் ஓ.பி.க்குப் போனேன். உட்காருவதற்கு முன்பே என் கார்டில் 110/70 இருந்தது.

"அக்கா, கட்டிப் பாருங்க."

"ஸ்டாஃபே இப்படிப் பண்ணா எப்படிடீ? வெளியில கூட்டத்தைப் பார்த்தியா?"

"பார்க்காம எந்திரிக்க மாட்டேன்."

முனகிக்கொண்டே கட்டினார். காற்றை இறக்கினார். மறுபடியும் கட்டினார். "எண்பத்திநாலுக்கு அம்பது" என்றார்.

"அதை எழுதுங்க."

பேனாவை மூடிவிட்டார். "எழுத மாட்டேன். அடிச்சு எழுதினா உங்க செக்‌ஷன்லேர்ந்து திரும்பி வரும். கையெழுத்து போட்டா, முதல்ல பார்க்காமலே எழுதினியான்னு டாக்டர் என்னைக் கிழிப்பாங்க. அந்த மீன்காரம்மாவுக்கு அடிச்சுத்தானே எழுதினேன்? நீதானே சிவப்புல சுழிச்சு அனுப்பின? புதுக் கார்டு போட்டுக் கொடுத்தேன். போதுமா?"

அக்கா டாக்டரிடம் வாயால் சொன்னார். டாக்டரும் வாயாலேயே சொன்னார்: பிரசவம் வரைக்கும் வேலைக்குப் போகாதே, இடது பக்கம் ஒருக்களித்துப் படு, எங்கேயாவது விழுந்து தொலைக்காதே.

லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தேன். ஆபீசர் என் கார்டை எடுத்து வரச் சொன்னார். "நார்மல்னு இருக்கேம்மா. எதை வச்சு லீவு தர்றது?" என்றார். லெட்டர் அவர் மேஜையில் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. மூன்று நாள் அங்கேயே கிடந்தது. மூன்று நாளும் மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். நான் விழுந்தாலும் பரவாயில்லை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற ஒரே பயம்தான் எனக்கு. அந்த ஆளைச் சபிக்காத படி ஒன்றுகூட அந்த மாடியில் இல்லை.

நான்காம் நாள் மீன்காரம்மாவின் புருஷன் வந்தான். முந்தின வாரம் மார்க்கெட் ரோட்டில் தலையில் கூடையோடு மயங்கி விழுந்திருக்கிறாள். குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. அவன் சண்டை போட வரவில்லை. ஆபீசர் மேஜைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"ரெண்டு மாசமா தல சுத்துது, தல சுத்துதுன்னு சொல்லிகினே இருந்துச்சு சார். இங்க வந்து காட்டிகினுதான் போச்சு. இன்னா எய்தி கீதுன்னு பாத்துச் சொல்லுங்க."

ஆபீசர் கார்டை எடுத்து வரச் சொல்லி, என் கையிலேயே கொடுத்தார். "படிச்சுச் சொல்லும்மா."

என் லெட்டர் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. பச்சைப் பேனா அதன் மேல் கிடந்தது. ஓரத்தில் என் கையெழுத்தில் வி 22.

"நூத்திப் பத்துக்கு எழுபது" என்றேன். "எல்லா தடவையும் அதேதான்."

"அப்டின்னா இன்னாம்மா?"

"நார்மல்."

அவன் கார்டை எட்டிப் பார்த்தான். "அப்போ அதுதான் சும்மானாச்சும் சொல்லிகினு இருந்துகீது" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஆபீசர் கார்டை வாங்கி ஒரு தரம் புரட்டினார். "சுத்தமா வச்சிருக்கே" என்றார். பேப்பர்வெயிட்டை நகர்த்தி, என் லெட்டரில் கையெழுத்துப் போட்டார்.

என் பெண் நல்லபடியாகப் பிறந்தாள், மூன்று கிலோ. எங்களிடம் வந்துபோன அன்றைக்கு மீன்காரம்மாவின் புருஷன் வீட்டுக்குப் போய், பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுப் படுத்துக் கிடந்தவளிடம், நீ சொன்னதெல்லாம் பொய், ஆஸ்பத்திரியிலேயே படித்துக் காட்டினார்கள் என்று சொல்லியிருப்பான். அந்நேரம் நான் செம்பாக்கத்தில் ஃபேனைப் போட்டுக்கொண்டு, டாக்டர் சொன்னபடி இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன்.