கேசரியையும் பருத்திப்பாலையும் மறுத்த தாய்மாமன்

எனக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது என்று எந்த மருத்துவரும் சொன்னதில்லை. சொன்னது என் கைபேசி. அருப்புக்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தைத் தவிர மற்ற நாட்களில் இயந்திரம் சும்மா கிடக்கும். இயந்திரம் சும்மா கிடந்தால் முதலாளி வீடியோ பார்ப்பார்.

வீடியோவில் வந்த தாடிக்காரர், கோதுமையில் குளூட்டன் என்றொரு பசை இருப்பதாகவும், அது குடலில் தேர்தல் சுவரொட்டி மாதிரி ஒட்டிக்கொள்வதாகவும் சொன்னார். வயிற்று மந்தம், மத்தியானத் தூக்கம், முட்டிவலி, எரிச்சல், மறதி எல்லாவற்றுக்கும் அதுதான் காரணமாம். ஐந்தும் எனக்கு இருந்தன. ஐம்பத்தாறு வயதில் இந்த ஐந்தும் இல்லாத ஆள் யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என்னை எங்கோ மறைந்திருந்து பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார் என்று நினைத்தேன்.

அன்று வரை தினமும் சாயங்காலம் நாலு பொரித்த பரோட்டா சாப்பிடுகிறவன் நான். அடியோடு நிறுத்தினேன். ஒரு மாதத்தில் வேட்டி இடுப்பில் நிற்க ஆரம்பித்தது. மத்தியானம் கடையில் குறட்டை விடுவதும் குறைந்தது. தாடிக்காரர் எனக்குத் தெய்வமாகிவிட்டார்.

என் மனைவி மட்டும் கும்பிடவில்லை. "எண்ணெயில மெதக்குற பரோட்டா தெனம் நாலு உள்ள போறது நின்னா தொப்ப கொறையத்தான் செய்யும். அதுக்கு எதுக்குங்க இங்கிலீஷ்ல ஒரு பேரு?" என்றாள். அவளுடைய அறியாமைக்காக வருத்தப்பட்டேன்.

திருச்சுழிப் பக்கத்துக் காட்டில் விளைந்த குதிரைவாலி, சென்னைக்குப் போய் பாக்கெட்டுக்குள் புகுந்து, 'குளூட்டன் இல்லாதது' என்று நெற்றியில் எழுதிக்கொண்டு எங்கள் ஊர்க் கடைக்குத் திரும்பி வந்தது. அதை வாங்கி வந்தேன். குதிரைவாலியில் அந்தப் பசை என்றைக்குமே இருந்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டு அம்மிக்கல்லிலும்தான் இல்லை.

கோதுமையோடு நின்றிருக்கலாம். அந்த வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓட ஆரம்பித்தது. அதில் மரபணு மாற்றிய விதையைப் பற்றிச் சொன்னார்கள். அந்த விதையில் விளைந்தது உடம்புக்குள் போனால் நம் உடம்பே நம் பேச்சைக் கேட்காதாம். என் உடம்பு எப்போது என் பேச்சைக் கேட்டது என்று யோசிக்காமல் அதையும் கைவிட்டேன். எங்கள் பக்கம் அப்படி விளைவது பருத்தி ஒன்றுதான்; கம்பெனி விதை என்பார்கள். பருத்தியை நான் என்ன தின்னவா போகிறேன் என்று தைரியமாக இருந்தேன்.

இந்த நிலைமையில்தான் தங்கை மகனுக்குப் பெண் உறுதி பண்ணப் போனோம்.

தங்கை எம்.ரெட்டியபட்டியில் இருக்கிறாள். மாப்பிள்ளை, அதாவது அவள் கணவர், போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. மகன் நூற்பாலையில் எலெக்ட்ரீஷியன். மாறி மாறி ஷிப்டு வருகிற வேலை. அந்த ஷிப்டைக் காரணம் காட்டியே நாலு வீட்டில் பெண் தர மறுத்துவிட்டார்கள். ஐந்தாவதாக அமைந்தது பந்தல்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். பெண்ணுக்கு டவுனில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, பிடித்துப்போய், போனில் பேச ஆரம்பித்திருந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் இனி பெண்ணே பார்க்க வேண்டாம் என்று பயல் தன் அம்மாவிடம் சொல்லியிருந்தான். தங்கை என்னிடம், "அண்ணே, அங்க வந்து வாய அடக்கிக்கிட்டு இருந்தாப் போதும்" என்றாள். அடக்கிக்கொண்டேன். அங்கேதான் தப்பு நடந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெண் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம். சம்பந்தம் முடிவாகும் வரை அங்கே கை நனைக்கக் கூடாது. பேச்சு முடிந்ததும் தட்டு வரும். மாப்பிள்ளையின் தாய்மாமன் முதல் வாய் வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். சாப்பிட்டால் சம்மதம். தட்டைத் தள்ளிவைத்து எழுந்தால் 'உங்கள் வீடு எங்களுக்கு வேண்டாம்' என்று அர்த்தம். இதற்கு மேல் யாரும் வாயைத் திறந்து மறுப்புச் சொல்வதில்லை.

பேச்சு நன்றாகத்தான் போனது. தை மாதம் என்று முடிவானது. தட்டு வந்தது. நெய் வழிகிற கேசரி, மேலே முந்திரி.

கேசரி என்றால் ரவை. ரவை என்றால் கோதுமை. என் கண்ணுக்குச் சுவரொட்டி தெரிந்தது.

"நான் இது சாப்பிடுறதில்ல" என்று தட்டை ஒரு சாண் தள்ளி வைத்தேன்.

பெண்ணின் அப்பா, "ஏண்ணே, சக்கரையா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த நல்ல மனிதர் எனக்குத் தப்பித்துக்கொள்ள ஒரு வாசலைத் திறந்துவிட்டிருக்கிறார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

"சக்கரையெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லா இருக்கேன்" என்றேன்.

உள்ளேயிருந்து பெண்ணின் அம்மா, "அப்ப அந்தப் பருத்திப்பாலக் குடுங்க. அண்ணனுக்குப் பிடிக்கும்னு மாப்பிள சொன்னாகளாம். அதுக்குத்தான் காலையிலயே கொட்ட ஆட்டிக் காச்சுனேன்" என்றார்கள். பயல் தன் மாமனைப் பற்றி அந்தப் பெண்ணிடம் நல்லதாக ஏதோ சொல்லியிருக்கிறான். டம்ளர் வந்தது. கருப்பட்டியும் சுக்கும் மணத்தன. பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, அரிசி மாவு கரைத்துக் காய்ச்சியது. கோதுமை துளியும் இல்லை. கையை நீட்டியவன், நீட்டின கையை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"இது எந்தப் பருத்தி? நாட்டு வெதையா, கம்பெனி வெதையா?"

"எங்க காட்டுல கம்பெனி வெததாண்ணே போடுறோம். கொட்ட டவுனுல வாங்குனது. அதுவும் அப்பிடித்தான் இருக்கும். இப்ப யாரு நாட்டுப் பருத்தி போடுறா?"

டம்ளரையும் ஒரு சாண் தள்ளி வைத்தேன்.

தங்கை என்னைப் பார்க்கவில்லை. சேலை முந்தானையைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். பயல் மட்டும் என்னைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. பழக்கப்பட்ட முகமாக இருந்தது. நாலு வீட்டுப் படியிறங்கிய முகம்.

பெண்ணின் தாய்மாமன் லாரி புரோக்கர். அதுவரை சுவரோரம் பேசாமல் இருந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "மச்சான், கை நனைக்காம எந்திரிச்சா என்ன அர்த்தம்னு எங்களுக்கும் தெரியும். பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போங்க. கொட்டையப் பத்தி விசாரணை எதுக்கு?"

"அய்யோ, அப்பிடியில்ல மச்சான். கோதுமையில ஒரு பசை இருக்கு..."

என் விளக்கத்தை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. குடல், சுவரொட்டி, விதை, உடம்பு பேச்சுக் கேட்காதது, எல்லாம் சொன்னேன். கேட்கக் கேட்க அவர்கள் முகம் இறுகியது. பொய்ச்சாக்குச் சொல்வதற்கும் ஒரு லட்சணம் வேண்டாமா என்பது போல என்னைப் பார்த்தார்கள்.

பெண்ணின் அப்பா மட்டும் பொறுமையாகப் பதில் சொன்னார். "அண்ணே, நான் நாட்டுப் பருத்தியும் போட்டவன். பச்சக் காய்ப்புழு வந்த வருசமெல்லாம் நாலு நாளைக்கு ஒருக்கா மருந்தடிச்சு, மூஞ்சி எரிஞ்சு, ஒரு தடவ வரப்புலயே மயங்கி விழுந்தேன். தூக்கிட்டு வந்தது இந்தா இருக்க எம் மச்சான்தான். இந்த வெத வந்த பெறகு அந்தப் புழுவுக்கு அடிக்கிறது கொறஞ்சிருச்சு. குத்தமே இல்லைங்கல. இப்ப செவப்புப் புழு வருது, வெத வெலையும் ஏறிப்போச்சு. அதப் பேசுங்க, நானும் சேந்து பேசுறேன். ஆனா ஒடம்பக் கெடுக்குதுன்னா, நாங்க இத்தன வருசமா இந்தக் காட்டுலதான கெடக்கோம்?"

"மச்சான் இடுப்புல கட்டிருக்க வேட்டி மட்டும் ஒத்துக்கிருதாக்கும்" என்றார் லாரி புரோக்கர்.

குனிந்து வேட்டியைப் பார்த்தேன். அதற்கு என்னிடம் வீடியோ இல்லை.

அப்போதுதான் பெண் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றது. குரலை உயர்த்தாமல் கேட்டது. "பெரியப்பா, ரத்தம் டெஸ்ட் எடுத்தீகளா?"

"இல்லம்மா."

"டாக்டரு யாரும் சொன்னாகளா?"

"இல்ல."

"நெசமாவே கோதும ஒத்துக்காதவுக இருக்காக. எங்க லேபுக்கு ஒரு பொம்பளப்புள்ள வரும். வயசு ஏழு, பாத்தா நாலு மாதிரிதான் இருக்கும். டெஸ்டு பண்ணி, டாக்டரு கோதுமைய நிறுத்தச் சொன்ன பெறகுதான் தேறுச்சு. அது துளி தின்னாலும் வவுத்தால போயிரும். அதோட அம்மா ஒரு மிட்டாய் வாங்குனாக்கூட பின்னால எழுதியிருக்கத வாசிச்சிட்டுத்தான் குடுப்பாக." பிறகு கேட்டது. "நீங்க தெனம் சாம்பாரு சாப்புடுவீகளா?"

"அது இல்லாம சோறு எறங்காதும்மா."

பெண் உள்ளே போய்ப் பெருங்காய டப்பாவை எடுத்து வந்து என் கையில் கொடுத்தது. எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டி பக்கத்தில் இருக்கிற அதே டப்பா. கண்ணாடியைப் போட்டுப் பின்பக்கம் வாசித்தேன். சேர்மானங்கள் வரிசையில் மைதா என்று எழுதியிருந்தது. நாலு மாதமாகக் காலையும் மாலையும் நான் விட்டொழித்த பொருளைச் சாம்பாரோடும் ரசத்தோடும் ஊற்றி ஊற்றித் தின்று, ஆரோக்கியமாக இருப்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஏதாவது கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். இந்தச் சம்பந்தம் நிற்க வேண்டும் என்கிற கவலைதான் அந்த முகத்தில் இருந்தது. பயலின் முகத்தில் இருந்த அதே கவலை.

தட்டை இழுத்து முன்னால் வைத்துக் கேசரியை அள்ளி வாயில் போட்டேன். நாலு மாதத்துக்குப் பிறகு ரவை. நெய்யும் ஏலக்காயும் நாக்கில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெண்ணின் அம்மா அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி வைத்தார்கள். பருத்திப்பாலையும் ஒரே மூச்சில் குடித்து வைத்தேன்.

ஆனால் லாரி புரோக்கர் தன் தட்டைத் தொடவில்லை. "மாட்டிக்கிட்டதால திங்கிறாரோ என்னமோ" என்று பக்கத்தில் இருந்தவரிடம் எனக்குக் கேட்கும்படிச் சொன்னார். இரு பக்கத்துத் தாய்மாமன்களும் கை நனைத்தால்தான் பேச்சு முழுமை. அவர் பார்க்கப் பார்க்க இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினேன். மூன்றாவதையும் வாங்கினேன். கேசரிச் சட்டியையே பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நாலாவது டம்ளருக்குக் கையை நீட்டும்போது, "போதும் மச்சான், நம்புறேன். எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்று சொல்லிவிட்டு அவர் தன் கேசரியில் கை வைத்தார். தங்கை முந்தானையை விட்டாள்.

நாலாவது டம்ளரைச் சொன்னபடி விட்டிருக்கலாம். மரியாதைக்காக அதையும் குடித்தேன்.

வேன் பந்தல்குடியை நெருங்கும்போது வயிறு பேச ஆரம்பித்தது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பயல் போனைப் பார்த்துத் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு திரும்பினான்.

"மாமா, அவ கேக்குறா. பெரியப்பாவுக்கு வயிறு ஒண்ணும் பண்ணலையேன்னு."

"ஒண்ணுமே பண்ணல, கல்லு மாதிரி இருக்குன்னு சொல்லு" என்றேன். அவன் அதைத் தட்டச்சு செய்து முடிக்கிற வரை பொறுத்துக்கொண்டேன். பிறகு டிரைவரின் தோளைத் தொட்டு, அடுத்த முள்ளுக்காட்டு ஓரமாகக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன்.